கூடைக்கு உரிமை, காட்டுக்கு உரிமை: 31ஆம் பிரிவுக்கு ஓர் உரை

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2007 செப்டம்பர் 13 அன்று பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய பிரகடனத்தை நிறைவேற்றியது. 144 நாடுகள் ஆதரித்து வாக்களித்தன. மலேசியாவும் அவற்றுள் ஒன்று. 46 பிரிவுகள் கொண்ட அந்தச் சாசனத்தில் கூடை முடைபவரையும் மரம் குடைபவரையும் நேரே பார்த்துப் பேசுவது 31ஆம் பிரிவு. அதைத் தமிழில் சொல்லி, பகுதி பகுதியாக உரை எழுத எனக்கு நெடுநாள் ஆசை.

எழுதுவது ஈப்போ, சிலிபினில் இருந்து. கிழக்கே தெரியும் மலைகளில்தான் கிந்தா ஆறு பிறக்கிறது. அந்த மலைகளிலும் சுங்கை சிப்புட்டுக்கு மேலே புளுஸ் ஆற்றோரத்திலும் தெமியார் மக்கள் வாழ்கிறார்கள். கோப்பெங், தாப்பா பக்கம் செமாய் மக்கள். நம் பாட்டன் பூட்டன் பால் வெட்டிய தோட்டங்களும் ஒரு காலத்தில் காடாக இருந்தவைதான். இந்த வாசகம் நமக்கு அயல்வீட்டுச் சங்கதி.

"பழங்குடி மக்களுக்கு உரிமை உண்டு."

தொடக்கமே கனமானது. உதவி, சலுகை, பயிற்சி என்று எதையும் சொல்லாமல் உரிமை என்கிறது. உரிமை என்றால் கேட்டு வாங்க வேண்டியதில்லை. பறித்தால் பறித்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். இன்னொன்று, உரிமை தனி ஆளுக்கு என்று இல்லாமல் மக்களுக்கு என்று கூட்டாகச் சொல்லப்பட்டிருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் ஒராங் அஸ்லி என்ற பொதுப்பெயரின் கீழ் 18 இனப்பிரிவுகள் உள்ளன. தெமியாரும் செமாயும் செனோய் வகையில் சேர்ந்தவர்கள். ஒரு தெமியார் பெண் முடையும் பின்னல் அவள் கண்டுபிடித்தது மட்டுமல்ல. அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் அதில் பங்குண்டு. இந்தக் கூட்டுரிமை பின்னால் அறிவுசார் சொத்து என்ற இடத்தில் சிக்கல் ஆகும். அங்கே பார்ப்போம்.

"தங்கள் பண்பாட்டுச் செல்வத்தையும், வழிவழி வந்த அறிவையும், மரபுக் கலை வெளிப்பாடுகளையும்…"

மூன்றையும் பிரித்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. முதுகில் சுமக்கும் பிரம்புக் கூடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூடை, செல்வம். எந்தப் பிரம்பை எந்த முதிர்ச்சியில் அறுப்பது, எப்படிப் பிளப்பது என்பது அறிவு. அதில் ஓடும் பின்னல் கோலம், வெளிப்பாடு. தைப்பிங்கில் 1883இல் நிறுவப்பட்ட பேராக் அருங்காட்சியகம் நாட்டிலேயே பழமையானது. ஆனால் எந்த அருங்காட்சியகமும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கக்கூடியது முதலாவதை மட்டுமே. மற்ற இரண்டும் ஆட்களிடம் இருக்கின்றன. ஆட்கள் போனால் போய்விடும்.

"…பேணவும்…"

பேணுதல் எவ்வளவு உடலுழைப்பு என்பதைத் தாழை இலையில் பார்க்கலாம். இங்கே மெங்குவாங் என்பார்கள். இலையின் இரண்டு ஓரங்களிலும் நடுநரம்பின் அடியிலும் முள் வரிசையாக நிற்கும். நீண்ட இலையாகப் பார்த்து அறுத்து, முள்ளைச் சீவி எடுத்து, ஒரே அகலமாகக் கிழிக்க வேண்டும். கிழித்ததை மழுங்கிய மூங்கில் துண்டால் அழுத்தி வழித்தால் விறைப்பு போகும். பிறகு தண்ணீரில் ஊற வைத்து வெயிலில் காய வைத்தால் பச்சை வெளிறி வெண்மை ஏறும். சாயம் அதற்கப்புறம்தான். முடையத் தொடங்கியபின் அடிப்பாகம் தட்டையாக வரும்வரை யார் வேண்டுமானாலும் ஒப்பேற்றிவிடலாம்; கை தெரிவது மூலையில். படுத்திருக்கும் இலைகளை மடக்கி நிமிர்த்திச் சுவராக்கும் அந்த இடத்தில் இழுவை ஒரு நூலளவு பிசகினாலும் கூடை கோணிக்கொள்ளும்.

இதைப் புத்தகம் கற்றுத் தராது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைக்குத்தான் வரும். அதனால் பிள்ளையைப் பக்கத்தில் இருக்கவிடாத எதுவும் கைவினையைக் கொல்லும். வட ஐரோப்பாவின் சாமி இனத்தவர் நார்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா என நான்கு நாடுகளில் பரவி வாழும் மக்கள். கைவினையை அவர்கள் துவோஜி என்பார்கள். நார்வேயில் சாமிப் பிள்ளைகளை விடுதிப் பள்ளிகளில் சேர்த்து, தாய்மொழியை விலக்கி, நார்வேயராக மாற்ற முயன்ற கொள்கை பல தலைமுறை நீடித்தது. நாடாளுமன்றம் அமைத்த உண்மை, நல்லிணக்க ஆணையம் 2023இல் கொடுத்த அறிக்கை அந்தச் சேதத்தைப் பதிவு செய்தது. நம் ஊர்ப் பக்கமும் உள்காட்டுக் கிராமத்துப் பிள்ளைகள் பலர் பள்ளிக்காக விடுதியில் தங்கவேண்டியிருக்கிறது. படிப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஏழு வயதுப் பிள்ளை பாட்டியின் மடியோரத்தை விட்டுப் போகாமலே படிக்க வழி வேண்டும் என்பதே என் துணிபு.

"…தம் ஆளுகையில் வைத்துக்கொள்ளவும்…"

நான்கு வினைகளில் இதுவே கூர்மையானது. பேணுங்கள் என்று எந்த அரசும் தாராளமாகச் சொல்லும்; ஆளுங்கள் என்று சொல்லத்தான் தயங்கும். சாமி மக்கள் இதில் முன்னோடிகள். பிர்ச் மரத்தில் புடைத்து வளரும் கணுவைக் குடைந்து அவர்கள் செய்யும் குடிகுவளை, கலைமான் கொம்பில் பிடி போட்ட கத்தி, ஈயவெள்ளி இழையால் பூவேலை செய்த தோல்பட்டி எல்லாம் சுற்றுலாக் கடைகளில் நன்றாக விலைபோகும். போலிகளும் கூடவே வந்தன. 1982இல் சாமி துவோஜி என்ற முத்திரையை அவர்களே ஏற்படுத்தினார்கள். சாமி ஒருவர் கையால் செய்த பொருளுக்கு மட்டுமே அது கிடைக்கும். எது அசல் என்று தீர்ப்பு சொல்லும் இடத்தில் செய்பவர்களே உட்கார்ந்தார்கள்.

இங்கே கெராய் ஓஏ என்ற அமைப்பு 2004 முதல் ஒராங் அஸ்லி கைவினைப் பொருள்களைத் தொண்டர்களைக் கொண்டு விற்றுத் தருகிறது. விற்ற பணம் முழுவதும் செய்தவருக்கே போகும். இடைத்தரகர் சொன்ன விலைக்குத் தலையாட்டிய காலத்தை நினைத்தால் இது பெரிய மாற்றம். ஆனால் சாமி முத்திரைக்கு நிகராக ஒராங் அஸ்லி மக்களே கூடிக் கொடுக்கும் ஒரு பொது முத்திரைதான் அடுத்த படியாக இருக்க வேண்டும்.

"…பாதுகாக்கவும் வளர்க்கவும்…"

இதற்கு நீண்ட உரை வேண்டாம். வளர்க்கவும் என்றதால் மாற்றமும் உரிமைக்குள் வந்துவிட்டது. கூடை முடைந்த கை கைப்பேசி உறை முடைந்தால் மரபு கெட்டுவிட்டது என்று முகம் சுளிக்க வெளியாளுக்கு இடமில்லை.

"…தாவரங்கள், விலங்குகளின் இயல்பு பற்றிய அறிவு…"

மூலத்தில் இது விதை, மருந்து, வாய்மொழி மரபு, விளையாட்டு என்று நீளும் பட்டியலின் நடுவே வருகிறது. ஈப்போக்காரன் இந்த இடத்தில் நின்றுதான் போக வேண்டும். நம் நகரம் பெயர் வாங்கியதே ஈப்போ மரத்திடமிருந்து. இரயில் நிலையத்துக்கு எதிரே ஒன்று நிற்கிறது. தினமும் அதைத் தாண்டிப் போகிறோம். அதன் பாலில் இருப்பது இதயத்தைத் தாக்கும் நஞ்சு.

தெமியார், செமாய் வேட்டைக்காரர் அந்த மரத்தின் பட்டையைக் கீறிப் பால் இறக்குவார்கள். பால் மரம் வெட்டிய நம்மவருக்கு அந்தக் கீறல் பார்த்த மாத்திரத்தில் புரியும். இறக்கிய பாலைத் தீயில் காட்டி இறுகவைத்து ஊதுகுழல் அம்பின் நுனியில் பூசுவார்கள். அம்பு, ஈர்க்குச்சி போன்ற மெல்லிய பனைவகைக் குச்சி. பின்னால் நெட்டி போன்ற மென்பொருளில் கூம்பாகச் செதுக்கிய குமிழ். ஊதும் காற்று அந்தக் குமிழைத்தான் தள்ளும். அடிபட்ட விலங்கின் இறைச்சியை உண்ணலாம்; வயிற்றின் வழியாகப் போனால் அந்த நஞ்சு அவ்வளவாக ஏறாது என்ற அறிவும் இதில் அடங்கும்.

ஊதுகுழல் இன்னும் நுட்பம். உள்குழல் இரண்டு மீட்டர் அளவுக்குக் கணுவே இல்லாமல் நேராக இருக்க வேண்டும். கணு இருந்தால் அம்பு தட்டும். அவ்வளவு நீள இடைக்கணு உள்ள மூங்கில் ஒரு வகைதான். அதுவும் மலையின் உயரத்தில் சில இடங்களில் மட்டுமே வளர்கிறது. தாவரவியலார் அதற்கு வைத்த பெயரில் பேராக் அருங்காட்சியகத்தின் முதல் காப்பாட்சியர் லியோனார்ட் ரேயின் பெயர் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அதைத் தேடி மலையேறி வெட்டியவர்களின் பெயர் இல்லை. 31ஆம் பிரிவு சரிசெய்ய நினைக்கும் அநியாயங்களில் இது ஒன்று என்று நான் கருதுகிறேன்.

இங்கேதான் உரைகாரன் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பட்டியலில் விதை உண்டு, மருந்து உண்டு, மரஞ்செடி பற்றிய அறிவு உண்டு. அந்த மரஞ்செடி நிற்கும் மண் இல்லை. மண்ணைப் பற்றி 26ஆம் பிரிவு தனியாகப் பேசுகிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்காவிட்டால் 31 பாதி வாசகம்தான். மூங்கில் நிற்கும் சரிவை மரம் வெட்டும் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு, ஊதுகுழல் செய்யும் அறிவு உன்னுடையது என்று சான்றிதழ் கொடுத்து என்ன பயன்?

நமக்கு இது புரியாமல் போக வழியில்லை. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது லயத்தில் இருந்தவர்களுக்குக் காலடி மண்ணில் எந்தப் பாத்தியமும் இல்லை என்பது தெரிந்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதன் காரணமே அதுதான். லயத்துக்குப் பின்னால் தென்னை நின்றவரை கீற்று முடையத் தெரியாத வீடு இல்லை. இன்று அடுக்குவீட்டில் இருப்பவர் திருவிழாத் தோரணத்துக்குக் குருத்தோலையைக் காசு கொடுத்து வாங்குகிறார். விரல்களுக்கு வேலை மறந்துபோனது மரம் போனபிறகுதான்.

"…வடிவங்கள்… இவற்றின்மீதுள்ள அறிவுசார் சொத்துரிமையையும்…"

பேராக்கின் வடபகுதியில் வாழும் ஒராங் அஸ்லி வகையினரான நெகிரிட்டோ மக்களில் பெண்கள் அணியும் மூங்கில் சீப்புகளில் கோட்டுக் கோலங்கள் உண்டு. 1906இல் ஸ்கீட்டும் பிளாக்டனும் வெளியிட்ட பெருநூலில் அவை வரைந்து காட்டப்பட்டுள்ளன. அந்தக் கோடுகளை நாளை ஒரு துணிக்கடை தன் சட்டையில் அச்சிட்டால் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? வழக்கமான பதிப்புரிமைச் சட்டம் ஓர் ஆளைத் தேடும். அவர் இறந்தபின் ஆண்டுகளை எண்ணும். மரபு வடிவத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

கூட்டாக உரிமை கொடுக்கும் வழி இல்லாமல் இல்லை. நீலகிரியில் தோடர் பெண்களின் பூவேலைக்கும் பத்தமடைக் கோரைப்பாய்க்கும் 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்ன ஊரில், இன்ன முறையில் செய்வோருக்கே அந்தப் பெயர் என்பதுதான் அதன் சாரம். அறிவு களவுபோனால் மீட்கவும் முடியும். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமையை, இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களைச் சான்றாகக் காட்டி 1997இல் ரத்து செய்ய வைத்தது. ஆனால் கவனிக்க வேண்டியது, மஞ்சளுக்கு எழுத்துச் சான்று இருந்தது. தெமியார் அறிவு வாய்மொழியில் இருக்கிறது. கனவில் வந்த பாட்டு என்று அவர்கள் பாடும் பாடலுக்கு ஏட்டுச் சான்று கேட்டால் எங்கே போவார்கள்? வாய்மொழி மரபையும் பட்டியலில் சேர்த்ததன் பெறுமதி இங்கேதான் தெரிகிறது.

"அரசுகள், பழங்குடி மக்களோடு சேர்ந்து, இவ்வுரிமைகளை ஏற்கவும் காக்கவும் பயனுள்ள நடவடிக்கை எடுக்க வேண்டும்."

இது இரண்டாம் உட்பிரிவு. பயனுள்ள என்ற அடையை விட்டுவிட்டால் நடவடிக்கை என்பதற்குக் கைவினைக் கண்காட்சியும் ஒரு வாரப் பயிற்சியும் போதும். நம் நாட்டில் கோளாறு அமைப்பிலேயே இருக்கிறது. அரசியலமைப்பின்படி ஒராங் அஸ்லி நலன் மத்திய அரசின் பொறுப்பு. நிலமும் காடும் மாநிலத்தின் கையில். கூடை முடையப் பயிற்சி கொடுப்பது ஓர் அரசு, பிரம்பு நிற்கும் காட்டுக்கு மரவெட்டு உரிமம் கொடுப்பது இன்னோர் அரசு. 1954ஆம் ஆண்டின் பூர்வகுடி மக்கள் சட்டம் ஒதுக்கீட்டு நிலம் அறிவிக்க மாநிலத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. அறிவித்ததை ரத்து செய்யவும் அதே மாநிலத்துக்கே கொடுக்கிறது.

பிரகடனம் ஒப்பந்தம் அல்ல. அதை மட்டும் வைத்து நீதிமன்றத்தில் வெல்ல முடியாது. நார்வேயில் போசன் தீபகற்பத்தில் 151 காற்றாலைகள் நிறுவியதால் சாமி மக்களின் கலைமான் மேய்ச்சல் கெட்டது என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்ப்பளித்தது. மேய்ச்சல் போனால் கொம்பும் தோலும் போகும். துவோஜிக்கு மூலப்பொருளே அதுதான். அந்தத் தீர்ப்புக்கு ஆதாரம் குடிமை, அரசியல் உரிமைகள் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு. மலேசியா அந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை. தீர்ப்பு வந்தபிறகும் காற்றாலைகள் சுழன்றுகொண்டே இருந்தன, 2023இல் சாமி இளைஞர்கள் ஓஸ்லோவில் மறியல் செய்யவேண்டி வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இங்கே வழி நீதிமன்றங்களின் பொதுச்சட்டம். ஒராங் அஸ்லி மக்கள் தொடுத்த நில வழக்குகள் இரண்டு: 1997இல் ஜொகூரில் அடோங் வழக்கு. 2002இல் சிலாங்கூரில் தெமுவான் மக்களின் சாகோங் தாசி வழக்கு. இரண்டாவதில் மரபு நிலத்தின்மீது அவர்களுக்கு உடைமை உரிமையே உண்டு என்று தீர்ப்பாகி, 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி கோபால் ஸ்ரீராம் அதை உறுதிசெய்தார். 2013இல் மனித உரிமை ஆணையமான சுஹாகாம், பூர்வகுடி நில உரிமை பற்றிய தேசிய விசாரணை அறிக்கையை வெளியிட்டது. 2019இல் கிளந்தான் போஸ் சிம்போர் தெமியார் மக்களுக்காக மத்திய அரசே மாநில அரசின்மீது வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு நம் பேராக்கில், கிரிக் பக்கம் கம்போங் சுனெக்ஸ் தெமியார் மக்கள் மரவெட்டுக்கு எதிராகப் பாதையை மறித்து நின்றார்கள், மறிப்பு கலைக்கப்பட்டது.

பயனுள்ள நடவடிக்கை என்றதற்குப் பேராக்கில் நான் கொள்ளும் பொருள் இது: தெமியாரும் செமாயும் தாங்களே வரையும் ஊர் எல்லையை, அதற்குள் அடங்கும் மூங்கில் சரிவு, பிரம்புக் காடு, தாழைச் சதுப்பு உட்பட, மாநில அரசு அரசிதழில் ஏற்ற வேண்டும். அது முடியும்வரை அந்த எல்லைக்குள் புதிய மரவெட்டு உரிமம் எதுவும் கொடுக்கக் கூடாது.