சிறாம்பியடிக் காப்பிரிகளும் நமது சொல்லும்

சிறு வயதில் வாப்பாவோடு உப்பளப் பக்கம் போகையில், கறுத்த மேனியும் சுருண்ட முடியுமாக ஒருவர் எதிர்ப்பட்டால், "காப்பிரி மனுஷன் போறார்" என்பார் வாப்பா. ஏச்சாகச் சொன்னதில்லை. மலாய்க்காரர், செட்டி என்பதுபோலத்தான் அதையும் சொன்னார். அவர்களும் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். பிற்பாடு மதறஸாவில் 'காஃபிர்' என்ற சொல்லுக்குப் பொருள் படித்த அன்றுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்தச் சொல் நம்மவர் வாயிலிருந்து போனதுதான். கிழக்காபிரிக்கக் கரையில் இஸ்லாத்தை ஏற்காதோரை அறபு வணிகர் காஃபிர் என்றனர். போர்த்துக்கேயர் அதைத் தம் மொழியில் எடுத்துக்கொள்ள, பின்வந்த ஒல்லாந்தரும் பிரித்தானியரும் அதையே கைக்கொண்டனர். நம்பிக்கையைக் குறித்த சொல், நிறத்தையும் அடிமை நிலையையும் குறிக்கும் சொல்லாயிற்று.

ஆபிரிக்கர் இங்கு வந்தது போர்த்துக்கேயரோடு மட்டுமல்ல. 1344இல் புத்தளத்துக்கு வந்த இபுனு பதூதா, கொழும்பில் ஜாலஸ்தி என்ற கடலதிபதியிடம் ஏறத்தாழ 500 ஹபஷிகள் இருந்ததாக எழுதியிருக்கிறார். ஆனால் புத்தளத்துக்கு அடுத்த சிறாம்பியடியில் இன்று வாழ்பவர்கள் ஐரோப்பியர் காலத்துப் படைவீரர்களின் வழித்தோன்றல்கள்.

பிரித்தானியரின் இலங்கைத் துப்பாக்கிப் படையில் ஆபிரிக்கரும் இருந்தனர், மலாயரும் இருந்தனர். 1873இல் அந்தப் படை கலைக்கப்பட்டது. ஒரே படையிலிருந்து வந்த இரு சாராருக்கும் ஏன் இரண்டு விதமான கதி?

விடை, அவர்கள் வந்த விதத்தில் இருக்கிறது. மலாயரில் ஒல்லாந்தர் நாடுகடத்திய அரச குடும்பத்தினர் இருந்தார்கள். மார்க்கம் கற்றவர்கள் இருந்தார்கள். அறபு எழுத்தில் மலாய் எழுதும் வழக்கம் இருந்தது. கொழும்பு கொம்பனித்தெருவில் 1786இலேயே வேகந்தைப் பள்ளிவாசலைக் கட்டினார்கள். 1869இல் பாபா யூனுஸ் சல்தீன் 'ஆலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையை வெளியிட்டார். படை கலைந்தபின் பலர் பொலிஸில் சேர்ந்தனர். பின்னாளில் ரி. பி. ஜாயா போன்ற ஒருவர் முழு முஸ்லிம் சமூகத்துக்கும் தலைவரானார். நம்மோடு கலந்தார்கள், ஆனால் மலாயராகவே நின்றார்கள்.

ஆபிரிக்கரில் பலர் விலைக்கு வாங்கப்பட்டு வந்தவர்கள். ஊரும் உறவும் ஏற்கெனவே அறுக்கப்பட்டிருந்தன. கத்தோலிக்க மதமும் போர்த்துக்கேயக் கலப்பு மொழியுமே அவர்களுக்குக் கிடைத்தன. சிங்களவரோடு மணம் முடித்தார்கள். பிள்ளைகள் சிங்களம் பேசினார்கள். எஞ்சியது 'மான்ஜா'ப் பாட்டு. சிரட்டையும் போத்தலும் கரண்டியும் தட்டிப் பாடுகிறார்கள். பாட்டின் சொற்களுக்குப் பொருள் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

ஒஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் யூதர்களிடமும் இதுபோன்ற ஒரு பிளவைக் காணலாம். 1867இல் சட்டம் எல்லோருக்கும் சம உரிமை தந்தது. வியன்னாவின் வசதி படைத்த யூதர் ஜெர்மன் பேசிச் சபைகளில் நுழைந்தார்கள். கலீசியாவின் ஏழை யூதர் பெரும்பாலும் இத்திஷ் பேசித் தம் தெருவிலேயே இருந்தார்கள். உள்ளவன் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று ஓரளவு தானே தீர்மானிக்கிறான். இல்லாதவனுக்குக் காலம் தீர்மானிக்கிறது. சிறாம்பியடியிலும் நடந்தது இதுதான்.

இதில் நமக்கென்ன? ஜும்ஆ மேடையில் ஹஸ்ரத் பிலால் (ரலி) அவர்களின் சரிதையைச் சொல்லும்போது கண்கலங்குகிறோம். ஹபஷா வம்சத்தவரான அந்த ஸஹாபியின் குரலைப் புகழ்கிற நாம், பக்கத்து ஊரின் ஆபிரிக்க வம்சத்தாரை ஒரு திருவிழாக் காட்சியாகவே பார்த்துவந்தோம். எங்கள் ஊர் வரலாற்றைப் பேசும்போது இபுனு பதூதாவை மறப்பதில்லை. சிறாம்பியடியை நினைப்பதே இல்லை.

பிறர் இட்ட பெயர் எவ்வளவு காலம் ஒட்டிக்கொள்ளும் என்பது புத்தளத்து முஸ்லிம்களுக்குத் தெரியாததல்ல. 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இங்கே வந்த நம் சகோதரர்களை, அவர்கள் பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகும் 'அகதி' என்றே சொன்னோம். அப்படிச் சொன்னவர்களும் நாம்தான், அந்தச் சொல்லைச் சுமந்தவர்களும் நம்மவர்தான்.

வாப்பா மௌத்தாகிப் பல வருஷமாச்சு. இனி உப்பளப் பக்கம் அப்படியொருவர் எதிர்ப்பட்டால் என் பிள்ளையிடம், "இவங்கட மூதாதையர் படைவீரர், ஆபிரிக்காவிலிருந்து வந்தவங்க" என்று சொல்லத்தான் நினைத்திருக்கிறேன். பெயரைச் சொல்ல வேண்டுமென்றால், அவரிடமே கேட்டுச் சொல்லலாம்.