நிலத்தில் அமரும் கால்

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியில் ஓமந்தையைக் கடந்து வடக்கே போனால் புளியங்குளம் வரும். நெடுங்கேணிக்கான பாதை அங்கே பிரிகிறது. 1997 மே மாதம் தொடங்கிய ‘ஜயசிக்குறு’ படை நடவடிக்கையில் மாதக்கணக்கில் சண்டை நடந்த ஊர் அது. சண்டை நகர்ந்த பின்னரும் வன்னி மண்ணில் கண்ணிவெடிகள் கிடந்தன. வயலுக்கும் விறகுக்கும் போனவர்கள் காலை இழந்தார்கள். போர் வரலாறு எழுதுவோர் ஊர்கள் கைமாறிய கதையை எழுதுகின்றனர். இழந்த காலுக்குப் பதிலாக வந்த காலுக்கும் ஒரு வரலாறு உண்டு.

அது ராஜஸ்தானில் தொடங்குகிறது. ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் வைத்தியசாலையில் எலும்புச் சிகிச்சை நிபுணர் டொக்டர் பி. கே. சேத்தியும், பள்ளிப்படிப்பு அதிகமில்லாத கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து 1960களின் இறுதியில் அதை உருவாக்கினர். அதற்கு முன் கிடைத்த மேல்நாட்டுப் பாதத்தில் கணுக்கால் அசையாது, சப்பாத்தும் வேண்டும். அதை மாட்டிய விவசாயியால் சேற்றில் இறங்கவோ, குந்தவோ, சம்மணமிட்டு உண்ணவோ இயலவில்லை. பலர் அதைக் கழற்றி வைத்துவிட்டு ஊன்றுகோலுக்கே திரும்பினர்.

ஜெய்ப்பூர் பாதம் றப்பரும் மரமும் சேர்த்து, டயர் வேலையில் செய்வதுபோல அச்சிலிட்டுச் சூடாக்கிச் செய்யப்பட்டது. அதற்கு மேலுள்ள கால் பகுதி, கைவினைஞர் தட்டி வளைத்த அலுமினியத் தகடு. பாதம் பல பக்கமும் வளையும்; வெறுங்காலாக நடக்கலாம். சேத்தி அதற்குக் காப்புரிமை பெறவில்லை. 1981இல் மக்சேசே விருது அவருக்குக் கிடைத்தது. சர்மாவின் பெயரோ நெடுங்காலம் பின்னாலேயே நின்றது.

யாழ்ப்பாணத்தில் 1987இல் ஜெய்ப்பூர் நிலையம் அமைந்தது. வன்னியில் ‘வெண்புறா’ நிறுவனம் போர்க்காலத்திலேயே செயற்கைக் கால்கள் செய்து கொடுத்தது.

மலிவான பொருள் தரம் குறைந்தது என்பது நம்மிடையே ஊறிய எண்ணம். இந்தக் கால் மலிவானதற்குக் காரணம் வேறு. உள்ளூர்ப் பொருளும் உள்ளூர்க் கையும் அதற்குப் போதுமாயிருந்தன. ஏழையின் அன்றாடமே அதன் அளவுகோலாயிற்று. நிற்க இயலாதவர் அமர்ந்து தொழ மார்க்கம் சலுகை தருகிறது. ஆயினும் முழங்காலுக்குக் கீழே காலிழந்தவர் ஜமாஅத் வரிசையில் மற்றவரோடு நின்று, நிலத்தில் ஸுஜூது செய்து எழுவதன் நிறைவு வேறு.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும், 2009இல் முகாம்களுக்குச் சென்ற வன்னித் தமிழரும் திரும்பி வந்தது ஒரே மண்ணுக்குத்தான். கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017இல் இணைந்தது. புதிய வெடிகள் விதைக்கப்படாதிருக்கலாம். இழந்த கால்களுக்கு வாழ்நாள் முழுதும் மாற்றுக் கால்கள் வேண்டும்; தேய்ந்தவற்றை மாற்றவும் வேண்டும். அதைச் செய்யும் பட்டறைகளைக் காப்பது இரு சமூகத்தவர்க்கும் பொதுவான கடமை.