இரண்டு சூரியோதயம் கண்ட விமானம்

நம் சங்கத்தின் முகவரிப் பட்டியலைப் புரட்டினால் பெர்த், லண்டன், டொரன்டோ என்று ஊர்ப் பெயர்கள் வரிசையாக வருகின்றன. "எவ்வளவு தூரம்ப்பா?" என்று கேட்டால் நண்பர்கள் யாரும் கிலோமீட்டரில் சொல்வதில்லை, மணிக்கணக்கில்தான் சொல்கிறார்கள். தூரத்தை நேரத்தால் அளக்கும் இந்தப் பழக்கத்துக்குப் பின்னே ஒரு வீர வரலாறு உண்டு. வரலாற்று மாணவன் என்ற உரிமையில் அதில் ஓர் ஏட்டை மட்டும் இங்கே எடுத்து வைக்கிறேன்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. சிட்னியிலிருந்து லண்டன் வரை ஊர் ஊராக இறங்கிச் சென்ற விமானப் பாதை நடுவிலே அறுந்து போயிற்று. சுமத்ரா, ஜாவா, அந்தமான் எல்லாம் ஜப்பான் வசம். மிச்சமிருந்த வழி இந்து மகா சமுத்திரம் ஒன்றுதான். அதை ஒரே மூச்சில் தாண்டிவிடுவதென்று முடிவாயிற்று. ஒரு முனை ஆஸ்திரேலியாவின் பெர்த். மறு முனை நம் பக்கத்து இலங்கையில், காலிக்கு அருகே உள்ள கொக்கலை ஏரி.

1943-இல் குவாண்டாஸ் நிறுவனம் ஐந்து கேட்டலினா கடல் விமானங்களுடன் இந்தப் பணியைத் தொடங்கியது. தூரம் சுமார் 5,600 கிலோமீட்டர். வேகமோ மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், 28 மணி நேரம்! எதிர்க்காற்று அடித்தால் இன்னும் கூடும். மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம். அத்தனை பெட்ரோலையும் சுமக்க வேண்டியிருந்ததால் மூன்று பயணிகளுக்கும் கொஞ்சம் தபாலுக்கும்தான் இடம். எதிரி காதில் விழக்கூடாதென்று வானொலியில் பேச்சு மூச்சில்லை. நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டார்கள். நடுக்கடலில் இறங்க நேர்ந்தால் "காப்பாற்று" என்று யாரைக் கூப்பிடுவது?

ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்த்ததால், பயணிகளுக்கு "இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்கம்" என்ற பெயரில் சான்றிதழ் கொடுத்தார்களாம்! 1945 வரை 271 முறை கடலைக் கடந்தும் ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஆனால் அந்த விமானங்களுக்கு அருங்காட்சியகத்தில் இடம் கிடைக்கவில்லை. போர் முடிந்ததும், அமெரிக்கக் கடன் குத்தகை ஒப்பந்தப்படி ஐந்தையும் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள்.

அதே பெர்த்திலிருந்து 2018 மார்ச்சில் லண்டனுக்கு நேரடி விமானம் கிளம்பியது. சுமார் 14,500 கிலோமீட்டர், ஏறத்தாழ 17 மணி நேரம். தூரம் இரண்டரை மடங்கு. நேரமோ முன்பைவிடக் குறைவு. இருக்கைகள் இருநூறுக்கு மேல்.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பூமி சுருங்கவில்லை, தூரம் அப்படியேதான் இருக்கிறது. இருட்டில் நட்சத்திரத்தை நம்பிப் போனவர்கள் போட்ட பாதையில்தான் நாம் இன்று சாப்பிட்டு, தூங்கி, சினிமா பார்த்துக்கொண்டு போகிறோம். அடுத்த முறை டிக்கெட்டில் பயண நேரத்தைப் பார்க்கும்போது அவர்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.