மிடில் ஸ்கூல் பெயர்ப்பலகையில் ஒரு நூற்றாண்டு

மாற்றலாகி வந்த நண்பர் ஒருத்தர் போன வாரம் கேட்டார்: "விழுப்புரத்துல மிடில் ஸ்கூல் நல்லா இருக்குமா, திண்டிவனத்துலயா?" முதல்ல பெயர்ப்பலகையைப் படிங்க, அப்புறம் ஒப்பிடலாம் என்றேன்.

கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி வழியாக இரண்டு ஊருக்கும் நடுவே நாற்பது கிலோமீட்டர்தான் இருக்கும். ஆனால் இந்தப் பக்கத்து நடுநிலைப் பள்ளிகளுக்கு முதலாளி ஒருத்தர் இல்லை. 'நகராட்சி' புரியும். 'ஊராட்சி ஒன்றிய' என்று இருந்தால், 1958 பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு ஒன்றியங்களின் கைக்கு வந்த பள்ளி. 1981-லேயே ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆகிவிட்டார்கள், பலகை மட்டும் மாறவில்லை. 'நிதியுதவி பெறும்' என்றால் பல இடங்களில் மிஷன் தொடங்கியது. திண்டிவனத்தில் ஸ்கடர் குடும்பத்தின் அமெரிக்கன் ஆற்காடு மிஷன் வேலை செய்தது, தென்னாற்காட்டின் வேறு பகுதிகளில் டேனிஷ் மிஷன்.

நான்காவது பலகை 'ஆதிதிராவிடர் நல'. இதுதான் நின்று படிக்கவேண்டியது. பொதுப் பள்ளியில் சேரிப் பிள்ளைகளைச் சேர்க்க ஊர்க்காரர்கள் மறுத்தார்கள். அதனால் 1920-களில் சென்னை மாகாண லேபர் டிபார்ட்மெண்ட் தனிப் பள்ளிகளைத் திறந்தது. 'லேபர் ஸ்கூல்' என்று அதற்குப் பெயர். துறையின் பெயர் ஹரிஜன நலம் ஆனது, பிறகு ஆதிதிராவிடர் நலம் ஆனது. கட்டடம் காலனியிலேயே நின்றது. விதிப்படி எந்தச் சாதிப் பிள்ளையும் சேரலாம். வருகிறார்களா என்பது உங்களுக்கே தெரியும்.

இந்தப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைப்போம் என்று 2023 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். பிரிவு ஒழியும் என்றார்கள் சிலர். இருக்கிற இடமும் பணியிடமும் நிதியும் கைவிட்டுப் போகும் என்று பயந்தார்கள் சிலர். அந்தப் பயத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. பலகையை மாற்றிவிட்டால் ஊர்த்தெருப் பிள்ளை காலனிப் பள்ளிக்கு நடந்து வந்துவிடுமா?

சரி, ரிசல்ட்டை வைத்து ஒப்பிடலாமா? அந்தக் காலத்தில் முடிந்தது. எட்டாவதில் இ.எஸ்.எல்.சி. பரீட்சை இருந்தது. அது பாஸ் என்றால் ட்ரெய்னிங் முடித்து வாத்தியாராகவே ஆகலாம். 'எட்டாவது பாஸ்' என்று பெரியவங்க சொல்வதில் ஒரு மிடுக்கு இருக்குமே, காரணம் அதுதான். 2009 கல்வி உரிமைச் சட்டத்தோடு எட்டாவது வரை ஃபெயில் கிடையாது என்றானது. 2019-இல் எட்டாவதுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்து, 2020 பிப்ரவரியில் அதையும் வாபஸ் வாங்கிவிட்டார்கள். நல்லதுதான். பதிமூன்று வயதில் வடிகட்டினால் முதலில் வெளியே போவது யார் என்று சொல்லவேண்டியதில்லை.

நடுநிலைப் பள்ளி எட்டாவதோடு முடிகிறது. அதற்கு மேல் வேறு பள்ளி, சில சமயம் வேறு ஊர், ஒரு டவுன் பஸ். பெண் பிள்ளைகளின் படிப்பு நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அதனால் நண்பரிடம் கடைசியாகச் சொன்னது: ஹெட்மாஸ்டரைப் பார்த்து, போன வருஷம் எட்டாவது முடித்த பெண்களில் எத்தனை பேர் ஜூனில் ஒன்பதாவது சேர்ந்தார்கள், எந்தப் பள்ளியில் என்று கேளுங்க. டி.சி. கொடுத்த கணக்கு அவரிடம் இருக்கும்.