அறிவார்ந்த நகரும் தோட்ட மண்ணும்

‘பெஸ்தாரி’ என்ற மலாய்ச் சொல்லுக்கு அறிவுமிக்க என்று பொருள். கோலசிலாங்கூர் மாவட்டத்துப் பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியது. ஆனால், அதன் சுற்றுவட்டாரத்தில் மேரி, சுங்கை திங்கி, புக்கிட் தாகார் போன்ற தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீடு கேட்டுப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

தென் சிலாங்கூரிலும் இதே கதைதான். 1921-இல் உருவான பிராங் பெசார் தோட்டத்தின் மீது 1995 முதல் புத்ராஜெயா எழுந்தது. அங்கிருந்த தோட்ட மக்கள் டெங்கில் அடுக்குமாடிக்குப் பெயர்ந்தார்கள்.

இன்று நகரங்களை நிர்வகிக்க வரும் செயற்கை நுண்ணறிவுக்குத் தெரிவது, நாம் கொடுக்கும் பதிவுகள் மட்டுமே. நிலப்பட்டா இல்லாதவன் அதன் கண்ணில் படமாட்டான். ஆகவே, நம் தோட்டங்களின் வரலாற்றை இப்போதே எழுதிப் பதிவு செய்வோம்.