வரைகலை இடைமுகக் கருவித்தொகுப்பு

மேசைக்கணினி நிரல்களில் காணும் சாளரம், பொத்தான், உரைப்பெட்டி முதலியவற்றை ஆயத்தமாகத் தரும் நிரலகமே வரைகலை இடைமுகக் கருவித்தொகுப்பு. நிரலாளர்கள் பேச்சில் இது டூல்கிட். கியூட்டி, ஜிடிகே, டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ், டிகே, எலக்ட்ரான் ஆகியவை பரவலாக வழங்குபவை. எழுதத் தொடங்கிய நிரலை வேறொன்றுக்கு மாற்றுவது பெரும்பாலும் இடைமுகத்தையே மறுபடி எழுதுவதாக முடியும். ஆகவே தேர்வை முதலிலேயே செய்தாக வேண்டும்.

தோற்றத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே வழக்கம். ஆனால் வரலாற்றில் அதிகம் தீர்மானித்தது உரிமம். கியூட்டியை நார்வேயின் டிரோல்டெக் நிறுவனம் 1995இல் வெளியிட்டது. மத்தியாஸ் எட்ரிக் 1996இல் தொடங்கிய கேடிஈ திரைச்சூழல் அதன்மீதே எழுந்தது. அன்றைய கியூட்டி உரிமம் கட்டற்ற மென்பொருள் வரையறைக்குள் வராததால் எதிர்ப்புக் கிளம்பியது. அதன் விளைவாக 1997இல் குனோம் என்ற மாற்றுத் திரைச்சூழல் திட்டம் பிறந்தது. குனோம் எடுத்துக்கொண்டது ஜிடிகேயை. அதுவும் ஓர் உரிமச் சிக்கலின் பிள்ளைதான்: பெர்க்லி மாணவர்கள் ஜிம்ப் படத்தொகுப்பியை முதலில் மோட்டிஃப் என்ற வணிகத் தொகுப்பில் எழுதி, பின்பு அதற்கு மாற்றாகத் தாமே உருவாக்கியது அது. கியூட்டி 2000இல், சேர்ந்த நிரலின் மூலத்தையும் திறந்து தரக் கோரும் ஜிபிஎல் உரிமத்துக்கும், நோக்கியா வாங்கியபின் 2009இல், மூடிய நிரலோடும் சேர இடம்தரும் எல்ஜிபிஎல் உரிமத்துக்கும் வந்தது. அதற்குள் லினக்ஸ் உலகம் இரு முகாமாகிவிட்டிருந்தது. பைத்தானில் எழுதுவோர் இன்றும் கவனிக்க வேண்டியது: கியூட்டியைப் பைத்தானில் பயன்படுத்தத் தரும் இரு நிரலகங்களில் பைகியூட்டி ஜிபிஎல் அல்லது வணிக உரிமத்தில் கிடைக்கிறது, பைசைடு எல்ஜிபிஎல்லிலும் கிடைக்கிறது. வணிக உரிமம் வாங்காமல் மூலநிரலை மூடி விற்க நினைப்பவருக்குப் பின்னதே ஏற்றது.

அடுத்தது வரையும் முறை. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்மார்ட் 1992இல் தொடங்கிய டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ், இயங்குதளத்தின் சொந்தப் பொத்தான்களையே கேட்டு வாங்கும். ஒலித்தொகுப்பியான ஆடாசிட்டி இதில் ஆனது. கியூட்டி உறுப்புகளைப் பெரும்பாலும் தானே வரையும். விஎல்சியின் இடைமுகம் அதில் அமைந்தது. எலக்ட்ரான் குரோமியம் உலாவியை முழுதாக நிரலோடு கட்டி அனுப்புகிறது. வலைநிரலாளருக்கு இது வசதி; ஆனால் சிறு குறிப்பேட்டு நிரல்கூட நூறு மெகாபைட்டைத் தாண்டிவிடும் என்பது அதன் விலை.

தமிழ் உள்ளீடு வேண்டுமெனில் எழுத்துரு அமைப்பும் கணக்கில் வரும். ‘கொ’வில் ககரத்தின் இருபுறமும் நிற்கும் குறிகள் கணினியில் ஒரே குறியாகச் சேமிக்கப்படுகின்றன. திரையில் அதைப் பிரித்து வைக்கும் வேலையை ஹார்ஃப்பஸ் நிரலகம் செய்கிறது. கியூட்டி நேரடியாகவும் ஜிடிகே பாங்கோ வழியாகவும் அதைப் பயன்படுத்துகின்றன. பிற தொகுப்புகளைத் தேர்வோர் ‘கொக்கு’ எனத் தட்டச்சிட்டு, நிலைகாட்டியை நடுவில் நகர்த்தி, அழித்துப் பார்த்துவிட வேண்டும்.

அலுவலக உள்பயனுக்கான ஒற்றைச் சாளர நிரலுக்கு இத்தனை ஆராய்ச்சி வேண்டாம். டிகேயைப் பயன்படுத்தப் பைத்தானோடு வரும் டிகின்டரே போதும்.