லைப்ரரி மாறினால் என்ன செய்வார்கள்?



ஒண்டுக்குடித்தன வீட்டில் எல்லாருக்கும் ஒரே குழாய் இருப்பது போல, கம்ப்யூட்டரில் பல புரோகிராம்களுக்கு ஒரே லைப்ரரி. புரோகிராம்களோடு அது தரவைப் பரிமாறும் அமைப்பு மாறினால், அதை நம்பியிருக்கும் எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும்.

லினக்ஸ் உலகில் 1997-98இல் லிப்-சி 5 போய் லிப்-சி 6 வந்தது. டெபியன் குழுவினர் பழசைத் தூக்கி எறியவில்லை. இரண்டையும் வேறு வேறு பெயரில் பக்கத்தில் வைத்து, பேக்கேஜ்களை ஒவ்வொன்றாக மாற்றினார்கள். 1998 ஜூலையில் டெபியன் 2.0 வந்தது. சென்னை சி-டாக் 2007இல் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸுக்கும் டெபியன்தான் அடிப்படை.

2024இல் இன்னும் பெரிய வேலை. 1970இலிருந்து விநாடிகளை எண்ணும் 32 பிட் கணக்கு, 2038 ஜனவரி 19 காலை 8.44க்கு நம்ம ஊர் நேரப்படி நிரம்பிவிடும்; அடுத்த விநாடி 1901 என்று காட்டும்! அதனால் நேரத்தை 64 பிட் ஆக்கினார்கள். நூற்றுக்கணக்கான லைப்ரரி பேக்கேஜ்களின் பெயரில் 'டி64' சேர்ந்தது. ஏன் பெயரை மாற்ற வேண்டும்? மாற்றாவிட்டால் பழைய புரோகிராம் புது லைப்ரரியை எடுத்து, எட்டு பைட்டை நான்கு என்று படித்துவிடும். பெயர் மாறியதால் அடியில் உள்ளவை முதலில், மேலே உள்ளவை பிறகு என்று வரிசையாகக் கம்பைல் செய்ய முடிந்தது. பழைய புரோகிராம்களுக்காக ஐ386 மட்டும் அப்படியே விடப்பட்டது. 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வெளியானது.

நான் வேலை பார்க்கும் அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம் 1994இல் மின்சாரம் தரத் தொடங்கியது. முப்பது வருஷம் தாண்டிவிட்டது. ஆலையில் ஒருமுறை மாட்டிய கருவியை யாரும் லேசில் கழற்றுவதில்லை. ஆகவே தம்பிகளே, புதுக் கருவி வாங்கும்போது விலையோடு இதையும் கேளுங்கள்: "நேரம் எத்தனை பிட்?"